அ. மாதவையாவும் கிளாரிந்தாவும்: ஒரு சமய வரலாற்று நாவலின் பின்னணி

அ. மாதவையா (ஆகஸ்ட் 16, 1872 – அக்டோபர் 22, 1925) தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை எழுதியவர். பத்மாவதி சரித்திரம் என்ற நாவலுக்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். 1915-ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ என்ற வரலாற்று நாவல் அந்த அளவுக்கு அறியப்பட்டதல்ல. பாளையங்கோட்டையில் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயத்தைக் கட்டிய பிராமண விதவையின் கதை அது. ஒரு கிறித்தவப் பெண்ணின் மதமாற்றத்தை, கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்த ஓர் எழுத்தாளர் பரிவோடு எழுதினார் என்பது அந்நாவலின் தனிச்சிறப்பு. மாதவையாவின் வாழ்க்கை, அந்நாவல் பிறந்த சூழல், அதன் வரலாற்று அடிப்படை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பு, கல்வி

மாதவையா திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரைப் பகுதியைச் சேர்ந்த பெருங்குளத்தில் பிறந்தார். தந்தை அப்பாவையர், தாய் மீனாட்சி. பள்ளிக்கல்வியை அந்தப் பகுதியிலேயே முடித்தார். அக்கால வழக்கப்படி பதினைந்து வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயரும் மீனாட்சிதான்.

பின்னர் உயர்கல்விக்காகச் சென்னைக்கு வந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் எஸ்பிளனேட் பகுதியில் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937-ல்தான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த காலம் அது. மாணவர்களை மதம் மாற்றுவதைவிட, நல்ல கல்வியின் வழியாக அவர்களுடைய சிந்தனையைப் பண்படுத்துவதே தம் பணி என்று மில்லர் கருதினார். பிற்காலத்தில் மாதவையா எழுதியவற்றில் காணப்படும் சீர்திருத்தப் பற்று, ஆங்கில இலக்கியப் பயிற்சி, கிறித்தவ சமயத்தை அஞ்சாமலும் அடிபணியாமலும் அணுகும் போக்கு ஆகிய மூன்றும் இந்தக் கல்லூரியில் உருவானவை.

அவர் மாணவராக இருந்த காலத்தில் மதமாற்றம் வெறும் பேச்சுப்பொருளாக இருக்கவில்லை. ஒரு பிராமண மாணவரின் மதமாற்றம் தொடர்பாக 1888-ல் இக்கல்லூரியில் மாணவர் கிளர்ச்சியே நடந்தது. நகரத்தின் இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை மிஷன் கல்லூரிக்கு அனுப்பவும் செய்தன, அனுப்பியதற்காகக் கவலைப்படவும் செய்தன. மாதவையா 1892-ல் பி.ஏ. பட்டம் பெற்றபின் சிறிது காலம் அக்கல்லூரியிலேயே பயிற்றுநராக இருந்தார்.

அரசுப் பணி

அடுத்து அவர் சென்னை மாகாண அரசின் உப்பு, ஆப்காரித் துறையில் சேர்ந்தார். உப்பளங்களையும் கள், சாராய வரியையும் கண்காணிக்கும் துறை அது. வேலை நிமித்தம் மாகாணத்தின் பல ஊர்களில், குறிப்பாகக் கடலோரப் பகுதிகளில் இருந்தார். அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில் எழுதினார். அரசு ஊழியர் என்பதால் சிலவற்றைப் புனைபெயரில் வெளியிட்டார்.

நாவல்கள்

மாதவையா எழுதத் தொடங்கியபோது தமிழ் நாவலுக்கு வயது மிகக் குறைவு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வந்தது. பி. ஆர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேகசிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்தது. அதே இதழில் 1892-ல் மாதவையா ‘சாவித்திரி’ என்ற புனைபெயரில் சாவித்திரி சரித்திரம் என்ற தொடரைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. பிராமணக் குடும்பங்களில் பெண்கள் படும் பாட்டை வெளிப்படையாகச் சொன்ன கதை அது. அதையே விரித்தெழுதி 1903-ல் முத்துமீனாட்சி என்ற நாவலாக வெளியிட்டார். ஓர் இளம் விதவை தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த இந்நாவல் மறுமணத்தில் முடிகிறது. இதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

பத்மாவதி சரித்திரத்தின் முதல் பாகம் 1898-ல் வெளியானது. இரண்டாம் பாகம் அதனைத் தொடர்ந்து வந்தது. மூன்றாம் பாகம் அவர் மறைவால் முற்றுப்பெறவில்லை. 1903-ல் விஜயமார்த்தாண்டம் வந்தது.

ஆங்கிலத்தில் அவர் எழுதிய தில்லை கோவிந்தன் 1903-ல் ‘பம்பா’ என்ற புனைபெயரில் வெளிவந்து, 1916-ல் லண்டனிலும் பதிப்பிக்கப்பட்டது. இந்தியக் கிறித்தவ வாழ்க்கையைக் களமாகக் கொண்ட சத்தியானந்தா 1909-லும், கிளாரிந்தா 1915-லும் வெளிவந்தன. இவை தவிர நந்தனார், மணிமேகலை, மார்க்கண்டேயன் ஆகியோரின் கதைகளையும் ஆங்கிலத்தில் சிறுநூல்களாக எழுதினார். நந்தனார் சைவர், மணிமேகலை பௌத்தத் துறவி, கிளாரிந்தா கிறித்தவர். ஒருவர் தான் பிறந்த நிலையை மீறி இறைவனையோ அறத்தையோ தேடிப்போகும் கதை எந்தச் சமயத்தில் இருந்தாலும் மாதவையாவை அது ஈர்த்தது என்பதை இந்த வரிசையிலிருந்து அறியலாம்.

விக்டோரியா காலத்துச் சமய வரலாற்று நாவல்

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்தில் இங்கிலாந்தில் சமய வரலாற்று நாவல் என்ற வகை செழித்தது. சார்லஸ் கிங்ஸ்லியின் ஹைபேஷியா (1853) ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவைக் காட்டியது. அதற்கு விடைபோல கர்தினால் வைஸ்மன் ஃபபியோலா (1854) என்ற நாவலை எழுதினார். ஜான் ஹென்றி நியூமன் எழுதிய கலிஸ்டா (1855) மூன்றாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவைப் பற்றியது. மூவருமே சமயப் பணியாளர்கள். கிங்ஸ்லி ஆங்கிலிகன் குரு. மற்ற இருவர் கத்தோலிக்கர்கள்.

இந்நாவல்களுக்குச் சில பொது இயல்புகள் உண்டு. பழைய சமயமும் புதிய சமயமும் மோதும் ஒரு காலம் களமாக இருக்கும். அறிவும் அழகும் கொண்ட ஒரு பெண் நடுவில் நிற்பாள். வரலாற்றில் வாழ்ந்த குருமார்கள் பாத்திரங்களாக வருவார்கள். பாத்திரங்கள் சமயத்தைப் பற்றி நீண்ட உரையாடல்கள் நிகழ்த்துவார்கள். கடைசியில் ஆசிரியரின் திருச்சபை எது என்பது வாசகருக்கு விளங்கிவிடும்.

கிளாரிந்தா வெளியானபோது விக்டோரியா காலம் முடிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் மாதவையா அக்காலத்துக் கல்வியில் உருவானவர்; நாவலின் அமைப்பும் அந்த மரபைச் சேர்ந்தது. மேற்சொன்ன இயல்புகள் எல்லாம் அதில் உண்டு, கடைசி ஒன்றைத் தவிர. ஆசிரியருக்கென்று ஒரு திருச்சபை இல்லை.

சென்னையில் இதற்கு முன்பே ஆங்கிலத்தில் மதமாற்றம் பற்றி எழுதிய பெண் ஒருவர் இருந்தார். கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) எழுதிய சகுணா என்ற நாவல் 1887–88-ல் கிறித்தவக் கல்லூரியின் இதழில் தொடராக வந்தது. மராட்டிய பிராமணராக இருந்து கிறித்தவரானவரின் மகள் அவர். தம் குடும்பத்தின் கதையையே அவர் எழுதினார். கிருபாபாய் உள்ளிருந்து எழுதியதை, மாதவையா கால்நூற்றாண்டு கழித்து வெளியிலிருந்து எழுதினார்.

ஆவணங்களில் கிளாரிந்தா

கிளாரிந்தாவைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்திகள் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்ற மிஷனரியின் குறிப்புகளிலிருந்து கிடைப்பவை. ஸ்வார்ட்ஸ் 1726-ல் ஜெர்மனியில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சிராப்பள்ளியிலும் பின்னர் தஞ்சாவூரிலும் பணியாற்றினார். தமிழும் மராட்டியும் அறிந்தவர். இளவரசராக இருந்த இரண்டாம் சரபோஜியின் வழிகாட்டி. 1798-ல் தஞ்சையில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய அவரது நினைவுச் சிற்பத்தைச் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தில் இன்றும் பார்க்கலாம்.

1778-ல் ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்குச் சென்றபோது ஒரு பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியுடன் திருமணமின்றி வாழ்ந்தவர் அவர். கிறித்தவ சமயத்தை அவருக்குக் கற்பித்ததும் அந்த அதிகாரிதான். முன்பே ஒருமுறை அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவைக் காரணம் காட்டி ஸ்வார்ட்ஸ் மறுத்திருந்தார். அதிகாரி இறந்தபின் அவர் மீண்டும் கேட்டார், அப்போது வழங்கப்பட்டது. அவருக்கு இடப்பட்ட பெயர் கிளாரிந்தா.

1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் குறிக்கப்பட்டுள்ளனர். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. பின்னர் அவர் முன்னின்று கோட்டைக்குள் ஓர் ஆலயம் கட்டினார். 1785-ல் ஸ்வார்ட்ஸ் அதனை அர்ப்பணம் செய்தார். மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைத்தனர். சபைக்கு ஓர் உபதேசியார் வேண்டும் என்று கிளாரிந்தா தரப்பில் தொடர்ந்து கேட்டதன் விளைவாகச் சத்தியநாதன் என்பவர் அனுப்பப்பட்டார். 1790-ல் குருப்பட்டம் பெற்று அச்சபையை வளர்த்தவர் அவரே.

திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றை 1881-ல் நூலாகத் தொகுத்த கால்டுவெல் இச்செய்திகளைப் பதிவு செய்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்.

நாவலில் கிளாரிந்தா

சபைப் பதிவேட்டிலும் மிஷனரியின் குறிப்பிலும் கிளாரிந்தாவின் பிற்பாதி வாழ்க்கை மட்டுமே உண்டு. அவர் எப்படி வளர்ந்தார், என்ன படித்தார், எதை நினைத்து அந்த அதிகாரியுடன் வந்தார் என்பதற்கு ஆவணம் விடை சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் மாதவையா கற்பனையால் நிரப்பினார்.

நாவலில் கதை தஞ்சை மராட்டிய அரசின் காலத்தில் தொடங்குகிறது. கிளாரிந்தா கல்வியறிவுள்ள பாட்டனாரிடம் வளரும் மராட்டிய பிராமணப் பெண். மணமாகி விதவையாகிறாள். கணவரின் சிதையில் ஏற்றப்படும் தறுவாயில் லிட்டில்டன் அவளைக் காப்பாற்றுகிறார். அதன்பின் தன் சாதிக்கும் உறவுக்கும் அவள் இறந்தவளே. லிட்டில்டனுடன் வாழ்கிறாள், கிறித்தவ சமயத்தைப் படிக்கிறாள், அவர் இறந்தபின் பாளையங்கோட்டையில் ஏழைகளுக்குத் தொண்டு செய்து வாழ்கிறாள்.

மதமாற்றத்தை மாதவையா ஒரு கண நேர அற்புதமாகக் காட்டவில்லை. துன்பம், நன்றி, வாசிப்பு, கேள்வி, தொண்டு என்று படிப்படியாக நிகழும் மனமாற்றமாகக் காட்டுகிறார். சதி வழக்கத்தைக் கண்டிக்கும் அதே நாவல், அன்பும் நேர்மையும் உள்ள பெண்ணுக்கு ஒரு சட்ட விதியைக் காட்டி ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட இடத்தையும் விட்டுவிடவில்லை. பழைய சமூகம் அவளை வெளியேற்றியது. புதிய சமூகம் அவளைக் காத்திருக்க வைத்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற அந்த ஆண்டுகள்தான் நாவலின் உண்மையான மையம்.

வரலாறும் புனைவும்

கிளாரிந்தாவைப் பற்றி இன்று பேசுவோர் பலர், சிதையிலிருந்து மீட்கப்பட்ட காட்சியையே முதலில் சொல்வர். மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையில் உடன்கட்டை ஏறுதல் நடந்தது உண்மை. வங்காளத்தில் அதற்குத் தடைச்சட்டம் வந்ததே 1829-ல்தான். ஆனால் ஸ்வார்ட்ஸின் குறிப்பில் முதன்மை பெறுவது சிதைக் காட்சியன்று; ஞானஸ்நானம் கேட்ட பெண்ணின் உறவுநிலை பற்றிய கேள்விதான். மீட்புக் கதை மரபாகச் சொல்லப்பட்டு, நாவலால் விரிவும் உணர்ச்சியும் பெற்றது. ஆகவே 1778-ல் ஞானஸ்நானம், 1780-ல் பதிவேடு, 1785-ல் ஆலய அர்ப்பணம் ஆகியவற்றை வரலாறு என்றும், உரையாடல்களையும் மனவோட்டங்களையும் இளமைக்கால நிகழ்ச்சிகளையும் புனைவு என்றும் பிரித்துக்கொள்வதே சரி.

இன்னொரு கேள்வியும் எழுப்பப்படலாம். வெள்ளை அதிகாரி குதிரையில் வந்து இந்தியப் பெண்ணைக் காப்பாற்றுவது ஆங்கில ஆட்சியை நியாயப்படுத்தும் கதையல்லவா? இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. மாதவையாவின் தலைமுறை ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்தத்தின் கருவியாக நம்பியது. ஆனால் லிட்டில்டன் இறந்தபின்னும் கதை முடியவில்லை. ஆலயம் கட்டியதும், சபையைத் திரட்டியதும், உபதேசியாரைக் கேட்டுப் பெற்றதும் அந்தப் பெண்ணின் சொந்த முயற்சிகள். நாவலும் சரி, ஆவணமும் சரி, காப்பாற்றப்பட்டவளாக மட்டும் அவரை விட்டுவிடவில்லை.

மயிலாப்பூர் ஆண்டுகள்

அரசுப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற மாதவையா மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வீடு கட்டிக் குடியேறினார். அதுவே இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. பிறந்த ஊரின் நினைவாக வீட்டுக்குப் ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்று பெயரிட்டார். சொந்தமாக அச்சகம் வைத்தார். 1924-ல் பஞ்சாமிர்தம் என்ற மாத இதழைத் தொடங்கினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகம் அதில்தான் வந்தது. முன்பு ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளைக் குசிகர் குட்டிக் கதைகள் என்ற பெயரில் தமிழில் தந்தார். சாதி வேற்றுமை, வரதட்சிணை, குழந்தை மணம், விதவையர் துயரம் ஆகியவையே அக்கதைகளின் பொருள். தம் பெண்மக்களைப் படிக்க வைத்தார்.

மறைவு

மாதவையா சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவை உறுப்பினராக இருந்தார். 1925 அக்டோபர் 22 அன்று கடற்கரையை ஒட்டிய செனட் இல்லத்தில் கூட்டம் நடந்தது. பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசி முடித்து அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 53.

அவரது மகன்களுள் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர். ‘தி சில்வர் பில்கிரிமேஜ்’ என்ற ஆங்கில நாவலை 1961-ல் எழுதினார். மா. கிருஷ்ணன் (1912–1996) புகழ்பெற்ற இயற்கையியலாளர், ஒளிப்படக் கலைஞர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அறிவியல் தமிழுக்குப் பெருந்தொண்டு செய்த பெ. நா. அப்புசாமி மாதவையாவின் உறவினர்.

மதிப்பீடு

கிளாரிந்தாவில் குறைகள் உண்டு. விக்டோரியா கால நாவல்களைப் போலவே நீண்ட விவாதங்கள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. நல்லவர் மிக நல்லவராகவும் தீயவர் மிகத் தீயவராகவும் இருக்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால், கதை நடந்த மண்ணின் வாசகர்களிடம் அது உடனே சென்று சேரவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு சரோஜினி பாக்கியமுத்துவின் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைத்தது. ஆங்கில மூலத்தைச் சாகித்திய அகாதெமி மறுபதிப்பாக வெளியிட்டுள்ளது.

தமிழகத்தில் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. அதில் கிளாரிந்தா சில வரிகளில் வந்துபோகும் ஒரு பெயர். உறவினர்களோ அந்தப் பெயரையும் மறந்திருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓர் இளமையும், படிப்பும், தயக்கமும், தீர்மானமும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணி, அவரை ஒரு முழு நாவலின் தலைவியாக்கியவர் அதே சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் விட்டுவந்த சாதியில் பிறந்தவர். மதமாற்றத்தைப் பற்றி இரு தரப்பினரும் கோபத்தோடு பேசிய காலத்தில், மாறியவரின் மனத்தை அறிய ஒருவர் முயன்றார். கிளாரிந்தா இன்றும் வாசிக்கத் தக்கதாக இருப்பது இந்தக் காரணத்தால்தான்.